பின்பக்கமும் எடுக்கணுமா?

தபச்சுலாவில் ஒன்பது மணிக்கே இயந்திரம் கொதிக்கும்.
கண்ணாடியில் கைவைத்தால்
காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி.
ஒரு பக்கம் இரண்டு பேசோ.
கடைக்கு நேரெதிரே அகதி அலுவலகம்.
வரிசை விடியுமுன் தொடங்கி
ரம்புட்டான் விற்பவளின் வண்டியைச் சுற்றி வளைந்து
மருந்துக்கடைப் படியில் வந்து உட்கார்ந்துவிடும்.

நான் வக்கீல் இல்லை.
பதினோரு வருடமாய்
அடுத்தவர் வாழ்க்கையைக் குப்புறப் போட்டு
வெளிச்சம் பாய்ச்சுகிறவள்.
படிக்கக் கூடாதுதான்.
கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அப்படித்தான் மனப்பாடமானது அந்த ஐந்தும்:
இனம், மதம், நாட்டுரிமை,
இன்ன கூட்டத்தில் பிறந்துவிட்டது, சேர்ந்துவிட்டது,
அப்புறம் கருத்து;
நீ சொல்லாவிட்டாலும்
சொன்னதாக அவர்கள் நினைத்தால் போதும்.
இதில் ஒன்றுக்காக வேட்டையாடப்படுவாய் என்ற பயம்,
அந்தப் பயத்துக்குக் காரணம்,
உன் அரசாங்கம் குறுக்கே வந்து நிற்காது என்பது,
எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்கும் உன் கால்கள்.
எங்கள் சட்டம் இன்னும் கொஞ்சம் அகலம்,
ஊரே பற்றி எரிந்தால் அதற்கும் காது கொடுக்கும்.

பசி அதில் இல்லை.
பசிக்கு முகம் கிடையாதாம்,
யார் துரத்தினார் என்று காட்டமுடியாதாம்.

வாசலில் மஞ்சள் தொப்பிக்காரன் ஒருவன் கதை விற்கிறான்.
கொலை மிரட்டல் முந்நூறு,
கண்ணீரோடு என்றால் ஐந்நூறு.
ஒருநாள் அவனுடைய ஒரே கதை
நான்கு பெயர்களில் என் கண்ணாடிக்கு வந்தது.
ஐந்தாவதாக நின்றாள் சுயாப்பா.
சோள ரொட்டிக் கடை, வாராவாரம் மாமூல்,
கொடுக்காத வாரம் நெருப்பு.
அவளுக்கு அது நிஜமாக நடந்திருந்தது.
கையில் தழும்பு.
அவளுக்கு என்ன பதில் வந்ததோ, தெரியாது.

எலியொதோரோ வந்தது ஒரு வியாழக்கிழமை.
ஹோண்டுராஸ்காரன்.
டயர் தெப்பத்தில் ஆற்றைத் தாண்டிய தேதியை
பெல்ட்டின் உட்புறம் பேனாவால் எழுதியிருந்தான்.
சனி, ஞாயிறு, விடுமுறை கழித்து எண்ணினேன்:
இருபத்தாறு.
முப்பதாவது வேலைநாளுக்குள் மனு உள்ளே போகணும்.

"அந்த ஐந்தில் மழை எது, சென்யோரா?"
"மழை இல்லை."
"மூன்று வருடமாய் எங்கள் ஊரிலும் இல்லை" என்று சிரித்தான்.

பிறப்புச் சான்றிதழை நனையாமல்
ஒரு பழைய தாளில் சுற்றி வைத்திருந்தான்.
உறையைக் கசக்கப் போன கை நின்றது.
மனு ஒன்றின் நகல்.
பனைத்தோட்டத்துக்காரர்கள் திருப்பிவிட்ட ஆற்றைத்
திரும்பக் கேட்டு
பன்னிரண்டு கையெழுத்து.
ஐந்து பெயர்கள் மேல் சிவப்புக் கோடு.
தாளைத் திருப்பினேன்.
'ஏழாம் நம்பரே, சோளம் சௌக்கியமா?'

"இது?"
"அது ஒன்றுமில்லை. கதவிடுக்கில் செருகியிருந்தார்கள்.
மழைதான் பிரச்சினை.
மழை பெய்திருந்தால் நான் ஏன் கையெழுத்துப் போடப்போகிறேன்?"

மேலிருந்து ஏழாவது கையெழுத்து
சான்றிதழில் இருந்த அதே கோணல் எழுத்து.

மூடியைச் சாத்தினேன்.
"பின்பக்கமும் எடுக்கணுமா?" என்று
எல்லாரிடமும் கேட்பேன்,
அவனிடம் கேட்கவில்லை.
இரண்டு பக்கமும் எடுத்தேன்.
"மஞ்சள் தொப்பியிடம் வாய் கொடுக்காதே.
எதிர் வரிசையில் இன்றைக்கே நில்.
படிவத்துக்குக் காசில்லை,
கேட்பவன் அலுவலகத்து ஆளில்லை.
உள்ளே போய்வந்ததும்
பூங்காவுக்குப் பின்னால் பச்சைக் கதவைத் தட்டு,
கன்னியாஸ்திரீகள் இருப்பார்கள், ஒரு வக்கீல் பெண்ணும்,
அங்கேயும் காசில்லை.
மூலத்தைக் கையைவிட்டு விடாதே, நகலைக் கொடு.
மழையையும் சொல், மறைக்காதே.
ஆனால் இதை முதலில் சொல்."

அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்,
அதைத் தன் பையில்
வேறு யாரோ வைத்துவிட்டதைப் போல.

ஆறு பேசோ.
வாங்கிக்கொண்டேன், மின்கட்டணம் இருக்கிறது.
அடுத்து நின்றவனின் தாளில்
பசி மட்டும் இருந்தது.
புரட்டிப் பார்த்தேன்,
பின்பக்கத்தையும்.